ரூட் கேனலுக்கு அப்புறம் வேரைச் சுற்றி என்ன நடந்தது? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

கீழ்க் கடைவாய்ப்பல்லில் ரூட் கேனல் முடிந்ததும், "நரம்பையே எடுத்தாச்சு, இனி எங்கே வலிக்கப் போகுது" என்றார்கள் வீட்டில். மறுநாள் இட்லியைக் கடிக்கும்போதே அந்தப் பல் மட்டும் துளி உயர்ந்து நிற்பது போலிருந்தது. மேல்பல் பட்டாலே சுரீரென்றது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே சுமார் 0.2 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு தசைநார் இருக்கிறது. அதற்குத் தனியாக நரம்பும் ரத்த ஓட்டமும் உண்டு. சுத்தம் செய்யும்போது வேர் நுனி வழியாகக் கொஞ்சம் அழுக்கு வெளியே தள்ளப்பட்டால்கூட அந்தத் தசைநார் வீங்கிப் பல்லை மேலே தூக்கும். நான் உணர்ந்தது பிரமை இல்லை! பல்லில் கடி படும் இடத்தை லேசாகத் தேய்த்துக் குறைத்தார், சில நாளில் அடங்கிவிட்டது.

எனக்குப் பெரிய ஆச்சரியம் எக்ஸ்ரேதான். சிகிச்சைக்கு முன் வேர் நுனியில் மிளகளவு கறுப்பு இருந்தது. சிகிச்சை முடிந்த அன்றும் அது அப்படியேதான் இருந்தது. ஆறு மாதத்தில் சுருங்கி, ஒரு வருடப் படத்தில் அந்த இடத்தில் எலும்பு தெரிந்தது.

— பதில் —

நான் பல் மருத்துவர். அந்தக் கறுப்பு, எலும்பு கரைந்த இடம். பல்லுக்குள் நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள மென்மையான திசுவைத்தான் கூழ் என்கிறோம். செத்த கூழுக்குள் இருக்கும் பாக்டீரியாவை எதிர்க்க உடம்பு வேர் நுனியில் நோய் எதிர்ப்புச் செல்களைக் குவிக்கிறது. அந்த அழற்சியில் எலும்பு கரைகிறது. 1965இல் அமெரிக்காவில் காகெஹாஷி குழுவினர் எலிகளின் பல்லைத் துளைத்துத் திறந்தே விட்டார்கள். சாதாரண எலிகளுக்குக் கூழ் அழுகிச் சீழ் கட்டியது. கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளுக்கோ, உணவுத் துணுக்கு அடைத்திருந்தும் காயம் ஆறியது. அதனால்தான் நாங்கள் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினியை விட்டு அவ்வளவு நேரம் கழுவுகிறோம். கிருமி போனால் எலும்பை உடம்பே கட்டிக்கொள்ளும், ஆனால் மெதுவாக. ஒரு வருடத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். முழுசாக ஆறவில்லை என்றால் நான்கு வருடம் வரைகூடக் கவனிப்போம். சிலருக்கு எலும்புக்குப் பதில் தழும்புத் திசு நிரம்பி, லேசான நிழல் தங்கிவிடும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

— பதில் —

கிருமிதான் காரணம் என்று டாக்டர் சொல்வது எங்கள் அம்மா விஷயத்தில் அப்படியே நடந்தது. ரூட் கேனல் முடிந்து வலி போனதும், பல்லின் மேல் மாட்டும் உறையான கேப் போடாமல் தற்காலிக அடைப்போடு நாளைக் கடத்திவிட்டார். அடைப்பு உடைந்து எச்சில் உள்ளே இறங்கி, ஈறில் சீழ்க்கொப்புளம். வலி துளியும் இல்லை, வாயில் உப்புக் கரிப்பு மட்டும். மறுபடி திறந்து, கால்சியம் ஹைட்ராக்சைடு என்ற கிருமி கொல்லும் மருந்து வைத்து மூடினார்கள். ஈறை யாரும் தொடவே இல்லை, கொப்புளம் தானாக வற்றிவிட்டது. இந்த முறை கேப் போட்ட பிறகுதான் அம்மாவை விட்டேன். அடுத்த எக்ஸ்ரே தை மாதம்.