‘ஒப்பேத்துறது’: இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

வாழப்பாடி விவசாயி:
வயல்ல பிவிசி பைப் விரிசல் விட்டா, ரெண்டு பைப்பை இணைக்கிற கப்ளிங் வாங்கி வர்ற வரைக்கும் சைக்கிள் டியூப்பைச் சுத்தித் தண்ணி பாய்ச்சுவோம். “இப்போதைக்கு ஒப்பேத்தியாச்சு”ம்போம். இந்தச் சொல்லுக்கு மூலம் என்னங்க? ஏமாத்து வேலைங்கிற அர்த்தமும் இருக்குங்களா?

தமிழாசிரியர், ஆத்தூர்:
எழுத்துல ‘ஒப்பேற்று’. காற்று பேச்சுல காத்து ஆன மாதிரி ஏற்று ஏத்து ஆச்சு. ‘ஒப்பேறு’ன்னா தேறு, நிறைவேறு. இப்ப அது பெரும்பாலும் எதிர்மறையாத்தான் புழங்குது: “அந்தக் காரியம் ஒப்பேறாது.” ஓடு, ஓட்டு மாதிரி ஏறு, ஏற்று. தானா ஒப்பேறாததை நாம தேத்தி விடுறதுதான் ஒப்பேற்றுவது.

‘ஒப்பு’ன்னா சமம், இணை. ஒத்த, ஒப்பீடு எல்லாம் அதே வேர்ல இருந்து வந்ததுதான். ‘பேருக்கு’ங்கிற பொருளும் உண்டு. விளையாட்டுல ஆள் கணக்குக்குச் சேர்க்கிற பிள்ளையை ஒப்புக்குச் சப்பாணின்னு சொல்றோமே, அதே ஒப்பு. ஒப்பேத்துறதுலயும் அந்தச் சாயல் தெரியுது. ஆனா ஏமாத்து இல்லைங்க. குறையை மறைச்சுப் பேசுறதுக்குச் சப்பைக்கட்டுன்னு தனிச்சொல் இருக்கு. ஒப்பேத்துறவருக்குக் குறை தெரியும். கைவசம் இருக்கிறதை வெச்சு வேலையை நகர்த்துறார்.

பிளம்பர், அம்மாபேட்டை:
ஒப்பேத்துறதையும் ஒழுங்கா செய்யணும். மோட்டாரை நிறுத்தி, பைப்பைத் துடைச்சுக் காய விடுங்க. விரிசலோட ரெண்டு நுனியிலயும் 3 மி.மீ. ஓட்டை போட்டா அது மேல ஓடாது. டியூப்பை 2 அங்குல அகலப் பட்டையா வெட்டி, விரிசலுக்கு 4 அங்குலம் முன்னாடி ஆரம்பிச்சு, நல்லா இழுத்துப் பிடிச்சு, ஒவ்வொரு சுத்தும் முந்தின சுத்துல பாதி ஏறுற மாதிரி சுத்துங்க. 4 அங்குலம் தாண்டிப் போய் அப்படியே திரும்பி வாங்க. இழுபட்ட ரப்பரோட இறுக்கம்தான் தண்ணியைப் பிடிக்குது. தளர்வா சுத்தினா பத்து சுத்து சுத்தினாலும் ஒழுகும். கட்டுக்கம்பி வேண்டாம், ரப்பரை அறுத்துடும். நைலான் கயிறு போதும்.

மோட்டார் போடுறப்ப தண்ணி வேகமா வந்து அடிக்கிற முதல் அடியிலதான் கட்டு பிய்யும். கேட் வால்வைக் கொஞ்சமா திறந்து வெச்சு ஆரம்பிங்க. வெயில்ல ரப்பர் வெடிச்சுடும், அதனால சீக்கிரமே அந்தத் துண்டை வெட்டிட்டு கப்ளிங் போட்டுடுங்க. சொலுஷன் ஒட்டினதும் 24 மணி நேரம் தண்ணி விடாதீங்க.

எலெக்ட்ரீசியன், ஓமலூர்:
பைப்புல சரிங்க, ஃபியூஸ்ல மட்டும் ஒப்பேத்தாதீங்க. போன ஃபியூஸுக்குப் பதிலா தடிமனான செம்புக் கம்பியைச் சுத்தினா, கோளாறு வரும்போது அது உருகாது. சுவத்துக்குள்ள ஓடுற ஒயர்தான் சூடேறி இன்சுலேஷன் உருகும். லைட் லைனுக்கு 5 ஆம்பியர்னா அதே அளவு ஃபியூஸ் கம்பியை வாங்கி மீட்டர் பெட்டிக்குப் பக்கத்துலயே வெச்சுக்கங்க. மாத்துறதுக்கு முன்னாடி மெயினை ஆஃப் பண்ணுங்க. திரும்பத் திரும்பப் போனா கம்பியைத் தடிமனாக்காதீங்க, லைன்ல எங்க ஷார்ட் ஆகுதுன்னு பாருங்க.