எஸ்எல் 55-இன் ஏபிசி சஸ்பென்ஷன்: சரிசெய்வதா, பிடுங்கிவிட்டு ஸ்பிரிங் போடுவதா?

காட்பாடி மேம்பாலம்:
வணக்கம். 2004 மாடல் மெர்சிடிஸ் எஸ்எல் 55 ஏஎம்ஜி, ஆறு மாதத்துக்கு முன்பு செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 5.4 லிட்டர் வி8, சூப்பர்சார்ஜர், எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. தொல்லை சஸ்பென்ஷனில்தான். இதில் சாதாரண ஷாக் இல்லை, ஏபிசி (ஆக்டிவ் பாடி கன்ட்ரோல்) என்ற, ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் சமாச்சாரம். இரவு நிறுத்தினால் காலையில் இடது பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்தால் பம்ப் முனகிக்கொண்டே தூக்கி நிறுத்துகிறது. போன வாரம் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் டேஷ்போர்டில் வெள்ளை எழுத்தில் எச்சரிக்கை வந்து, கொஞ்ச நேரத்தில் தானாகப் போய்விட்டது. முன்பு மெத்தென்று போன வண்டி இப்போது சாலையில் ஒரு ஒட்டு இருந்தால்கூட துள்ளுகிறது.

சென்னையில் ஒரு பெரிய இடத்தில் காட்டினேன். கம்ப்யூட்டரை மாட்டிப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு நான்கு ஸ்ட்ரட் (ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் வண்டியைத் தாங்கும் தூண்), பம்ப், வால்வு பிளாக் எல்லாம் புதிதாகப் போட வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். நான் வண்டி வாங்கிய விலையில் பாதிக்கு மேல் அது. வீட்டில் சொல்லவே இல்லை. தெரிந்தவர் ஒருவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு காயில் ஸ்பிரிங் போடச் சொல்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஏலகிரி 14:
கழற்றி எறியுங்கள். பழைய எஸ் 55 வைத்திருந்தேன், அதிலும் இதே ஏபிசிதான். மூன்று வருடம் அதற்குத் தீனி போட்டேன். ஒரு ஹோஸ் மாற்றினால் அடுத்த ஹோஸ் போகும், அதை மாற்றினால் பம்ப் கத்தும். கடைசியாக வாணியம்பாடி தாண்டி வரும்போது முன்பக்க ஹோஸ் வெடித்து, சூடான சைலன்சர் பைப்பில் ஆயில் கொட்டி ஒரே புகை, பின்சீட்டில் அம்மாவும் பிள்ளைகளும். அன்றோடு முடிவெடுத்தேன். ஸ்பிரிங்கும் ஷாக்கும் போட்டேன், எச்சரிக்கை விளக்கு எரியாமல் இருக்க ஒரு மாட்யூல் கூடவே வந்தது. அதற்கப்புறம் இரண்டு வருடம் பானெட்டையே திறக்கவில்லை. இருபது வயது ரப்பரை நம்பி நெடுஞ்சாலையில் போவதெல்லாம் புத்திசாலித்தனம் இல்லை.

ஆம்பூர் வி8:
பானெட்டைத் திறக்கவில்லை, சரி. ஏலகிரி ஏறினீர்களா? புலவர்கள், வள்ளல்கள் பேர் வைத்த அந்த 14 வளைவில் வண்டி எப்படிச் சாய்ந்தது என்று சொல்லுங்கள். ஏபிசி உள்ள வண்டியில் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் ராடு கிடையாது. அந்த வேலையையும் ஹைட்ராலிக்கே பார்க்கிறது என்பதால் கம்பெனியே அதை வைக்கவில்லை. ஹைட்ராலிக்கைக் கழற்றினால் ராடும் இல்லை, ஏபிசியும் இல்லை. அதைச் சமாளிக்கத்தான் ஸ்பிரிங் மாற்றும் கிட் விற்பவன் கல்லு மாதிரி ஸ்பிரிங் தருகிறான். கிட்டத்தட்ட இரண்டு டன் வண்டி, வேகமாகப் போவதற்கென்றே செய்தது, அதை மாட்டுவண்டி ஆக்குவதற்கு எதற்கு ஏஎம்ஜி?

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பயம் பாதி போய்விடும். ஒவ்வொரு சக்கரத்திலும் இரும்பு ஸ்பிரிங் இருக்கிறது, அதன் தலையில் ஒரு ஹைட்ராலிக் பிஸ்டன். பம்ப் 200 பார் அளவு அழுத்தத்தில் ஆயிலைத் தள்ளும். வளைவில் திரும்பும்போது கம்ப்யூட்டர் வால்வுகளைத் திறந்து வெளிப்பக்க ஸ்பிரிங்கை மேலிருந்து அமுக்கும், வண்டி சாயாது. 1999-இல் சிஎல் கூப்பேயில் முதலில் வந்தது. முன்பக்கத்துக்கு ஒரு வால்வு பிளாக், பின்பக்கத்துக்கு ஒன்று. இடையில் அக்யூமுலேட்டர் என்று குண்டு குண்டாக இருக்கும், உள்ளே ஒரு சவ்வு, சவ்வுக்கு ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் ஆயில். அழுத்தம் துடிக்காமல் தாங்குவது அந்த வாயுதான். சவ்வு கிழிந்தாலோ வாயு இறங்கினாலோ துடிப்பு முழுவதும் ஹோஸ் மேலும் பம்ப் மேலும் விழும், வண்டியும் துள்ளும். நீங்கள் சொல்லும் துள்ளல் எனக்கு அதைத்தான் சொல்கிறது. ஏலகிரி அண்ணன் ஹோஸ் ஹோஸாக மாற்றினாரே, குண்டை மாற்றினாரா என்று கேளுங்கள்.

ஏலகிரி 14:
மாற்றவில்லை. யாரும் சொல்லவில்லை.

ஆம்பூர் வி8:
அதுதான் அண்ணே.

சிப்காட் ஹைட்ராலிக்ஸ்:
ராணிப்பேட்டையில் ஹோஸ் பிரஸ் செய்யும் கடை வைத்திருக்கிறேன். 200 பார் என்று சொல்லி ஏன் எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள்? பெரிய பொக்லைனில் 300 பாருக்கு மேல் ஓடுகிறது, அதுவும் கல்குவாரியில், மே மாத வெயிலில். அந்த ஹோஸை ஒரு மணி நேரத்தில் செய்து கொடுக்கிறோம். ஒரிஜினல் ஹோஸுக்கு ஜெர்மனியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. இரண்டு முனை பிட்டிங்கையும் கொண்டுவந்தால் லேத்தில் வைத்துச் சரிசெய்து, நாலு சுற்றுக் கம்பி ஹோஸில் போட்டுத் தருகிறேன்.

ஆம்பூர் வி8:
சார், உங்கள் ஹோஸ் வெடிக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் பயம் தூசி. ஹோஸை அறுக்கும்போது உள்ளே போகிற ரப்பர் பொடி, இரும்புப் பொடி. பொக்லைன் அதைத் தாங்கும். இந்த வால்வு பிளாக்கில் இருக்கும் துளைகள் ஊசிமுனை மாதிரி, ஒரு துகள் உட்கார்ந்தால் அந்த மூலை இறங்கும். இன்னொன்று, நாலு சுற்றுக் கம்பி ஹோஸ் வளையாது, எஞ்சினுக்குப் பக்கத்தில் அந்த இடுக்கில் எப்படித் திருப்புவீர்கள்?

சிப்காட் ஹைட்ராலிக்ஸ்:
வளைவது பற்றிச் சொன்னது சரி. இரண்டு சுற்றுக் கம்பி போதும், அளவு சின்னது என்றால் இந்த அழுத்தத்தைத் தாராளமாகத் தாங்கும். தூசி விஷயம் கடையைப் பொறுத்தது. அறுத்தபின் ஹோஸுக்குள் ஸ்பாஞ்ச் குண்டை காற்றில் சுட்டுச் சுத்தம் செய்வோம், முனையை மூடித்தான் கொடுப்போம். செய்யாத கடைக்குப் போனால் என்னைத் திட்டாதீர்கள்.

சத்துவாச்சாரி சந்து:
ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் வேலூரைக் கிண்டல் செய்வார்கள். அந்த வரிசையில் ஆயில் இல்லாத பம்பையும் சேர்த்துவிடாதீர்கள். முனகல் என்றாலே முதலில் ஆயில் அளவைப் பாருங்கள் ஐயா.

ஏலகிரி 14:
சாமி 1981-லேயே கோயிலுக்கு வந்துவிட்டார். கிண்டலைப் புதுப்பியுங்கள்.

சத்துவாச்சாரி சந்து:
ஆறு அப்படியேதானே இருக்கிறது.

வேறு ஒரு விஷயம். ஸ்பிரிங் போடச் சொல்கிறவர்கள் சட்டத்தையும் சொல்லுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, அதன் மேல் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று. நாளைக்கு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் அடியில் குனிந்து பார்ப்பார். அவரிடம் முன்னாடியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏலகிரி 14:
நடுரோட்டில் ஆயில் கொட்டித் தீப்பிடித்தால் மட்டும் இன்சூரன்ஸ்காரர் மாலை போடுவாரா? நான் ஒன்று கேட்கிறேன், ஆம்பூர் பாய் நேராகப் பதில் சொல்லட்டும். வேலூரில் இந்த வேலையை முழுசாகத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஆயில் மாற்றுவதற்கே கம்ப்யூட்டரை மாட்டி வண்டியை ஏற்றி இறக்கிப் பழைய ஆயிலைத் தள்ள வேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் யார்? ஒவ்வொரு தடவையும் டிரக்கில் ஏற்றிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்புகிற செலவை எந்தக் கணக்கில் எழுதுவது? ஸ்பிரிங் போட்ட வண்டியை நம் ஊரில் எந்த மெக்கானிக்கும் பார்ப்பார். சுகம் குறையும், ஒத்துக்கொள்கிறேன். நிம்மதி கூடும்.

ஆம்பூர் வி8:
நியாயமான கேள்வி. ஆள் குறைவுதான். ஆனால் ஸ்பிரிங் போட்டாலும் பம்பைக் கழற்றி எறிய முடியாது என்பதை மறந்துவிட்டீர்கள். ஸ்டியரிங்குக்கும் ஏபிசிக்கும் ஒரே இரட்டைப் பம்ப். ஏபிசி பக்கத்தைச் சும்மா சுற்றவிட வேண்டும், இல்லை ஸ்டியரிங் மட்டும் உள்ள பம்ப் தேடிப் போட வேண்டும். அதையும் கிட் விலையோடு சேருங்கள், அப்புறம் பேசுவோம்.

காட்பாடி தம்பி, பணம் செலவழிக்கும் முன் ஒரு இரவு செலவழியுங்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நாலு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள். காலையில் எஞ்சினைத் தொடாமல் மறுபடி அளக்கவும். இறங்கின மூலையில் ஸ்ட்ரட்டின் ரப்பர் உறையைப் பாருங்கள். ஆயில் பிசுபிசுப்பு இருந்தால் ஸ்ட்ரட் சீல் போய்விட்டது. காய்ந்து கிடந்தால் ஆயில் வெளியே போகவில்லை, வால்வு பிளாக்குக்குள் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தேய்ந்து திரும்ப டேங்குக்கு ஓடுகிறது. முதலாவது பெரிய செலவு, இரண்டாவது சின்னது. நாலு ஸ்ட்ரட்டும் ஒரே நாளில் செத்தது என்று சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன்.

பச்சை நிற சிஎச்எஃப் 11எஸ் ஆயில் மட்டும். ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் மாதிரி சிவப்பாக இருப்பதை ஊற்றச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சிப்காட் ஹைட்ராலிக்ஸ்:
அளப்பதற்கு முன் இதைப் படியுங்கள். எஞ்சின் ஓடும்போது ஒழுகலைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித்துளையில் வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், வலி முதலில் தெரியாது, சில மணி நேரத்தில் விரலே போகலாம். டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்த ஊர்தான் நம் ஊர், அதற்காக சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வேலை கொடுக்க வேண்டாம். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். ஜாக்கி மட்டும் போட்டு அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் போடுங்கள், இந்த வண்டி தானே இறங்குகிற வண்டி.

காட்பாடி மேம்பாலம்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். இரவு ஒன்பது மணிக்கும் காலை ஆறு மணிக்கும் அளந்தேன். இடது பின்பக்கம் 34 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது, வலது பின்பக்கம் 6, முன்பக்கம் இரண்டும் அசையவில்லை. ரப்பர் உறையைக் கீழே இழுத்துப் பார்த்தேன், பொட்டு ஆயில் இல்லை. டேங்கில் அளவு குறைவு, வந்த ஆயில் பச்சையும் இல்லை, கடுங்காப்பி மாதிரி இருந்தது. பெங்களூரில் தனியாக வேலை செய்யும் ஒருவரிடம் கொண்டுபோய் குண்டுகள், பில்டர், ஆயில் மட்டும் மாற்றினேன். சென்னையில் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. துள்ளல் போய்விட்டது, வரும்போது ஆம்பூர் வரைக்கும் ஏசி சத்தம் தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. இடது பின்பக்கம் இன்னும் இறங்குகிறது, ஓ-ரிங் செட் வரவழைத்திருக்கிறேன், வந்ததும் பின்பக்க பிளாக்கைத் திறக்கிறோம்.

ஏலகிரி 14:
நல்லது, சந்தோஷம். ஹோஸ் மாற்றினீர்களா?

காட்பாடி மேம்பாலம்:
இல்லை, பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஏலகிரி 14:
என்னுடையதும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

ஆம்பூர் வி8:
இதில் அண்ணன் சொல்வதுதான் சரி. பம்பிலிருந்து வரும் அழுத்த ஹோஸை இந்த ஓ-ரிங் வேலையோடு சேர்த்து மாற்றிவிடுங்கள்.

சிப்காட் ஹைட்ராலிக்ஸ்:
முனையை மூடிக் கொண்டுவாருங்கள். ஞாயிறு மதியம் வரை கடை உண்டு.