20 மாதப் பிள்ளையோடு குன்னூருக்குக் குடிபோகிறோம்: வீடு, மலைப்பாதை, ஞாயிறு ஆராதனை

நாசரேத்_மகள்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வீட்டுக்காரருக்குக் குன்னூருக்கு மாற்றல். அக்டோபர் முதல் வாரம் போகிறோம். தம்பிக்கு 1 வயது 8 மாதம், எடை பத்தரைக் கிலோ. தேரிக்காட்டு வெயிலில் வளர்ந்த பிள்ளை, இதுவரை ஸ்வெட்டரே போட்டதில்லை.

துணிமணி, குளியல், சாப்பாடு இதெல்லாம் அங்கே எப்படி மாறும்? மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஏற பஸ், கார், மலை ரயில் இதில் எது பிள்ளைக்கு நல்லது? மாதம் ஒரு தடவையாவது கோயம்புத்தூர் இறங்க வேண்டியிருக்கும். அவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை இருக்கும் என்பதால் ஆராதனைக்கு அவனைத் தூக்கிக்கொண்டு நான் தனியாகத்தான் போக வேண்டும். நாங்கள் சி.எஸ்.ஐ. சபை. அங்கேயே இருப்பவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பெட்போர்டு_அம்மா

வாம்மா. நீ வருகிற மாதத்தை வைத்தே சொல்கிறேன். ஊட்டிக்கும் கூடலூருக்கும் ஜூன், ஜூலைதான் பெரிய மழை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் கொட்டும். அக்டோபர் பாதிக்கு மேல் டிசம்பர் வரை ஈரம் விடாது. எல்லாரும் குளிருக்குப் பயந்து கம்பளி வாங்குவார்கள். பிள்ளைக்குத் தொல்லை கொடுப்பது ஈரம். அதை மனதில் வைத்துச் சாமான் கட்டு.

முதலில் நாப்பித் துணி. இந்த வயதில் ஒரு நாளைக்கு 6 முதல் 8 வரை போகும். கீழே காலையில் துவைத்தால் மத்தியானம் எடுத்துவிடலாம். இங்கே மூடுபனி நாளில் இரண்டு நாள், சமயத்தில் மூன்று நாள் ஆகும். அதனால் 20 முதல் 24 வரை கையில் வேண்டும். உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த தடித்த துணி டயப்பர்களை நம்பாதே, வெளியே காய்ந்த மாதிரி இருக்கும், நடு மடிப்பில் ஈரம் நிற்கும், தொடையிடுக்கில் சிவந்துவிடும். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து ஒற்றை மடிப்பாக வைத்துக்கொள், கட்டும்போது மடித்துக் கட்டலாம். காயப்போட நல்ல நேரம் காலை 10 மணியிலிருந்து 1 மணி வரை. அதற்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்து காய்ந்ததையும் நனைத்துவிடும். முக்கால்வாசி காய்ந்ததை உள்ளே எடுத்து இஸ்திரி போட்டு முடி. ஹீட்டர் மேல் விரித்துப் போடுவது தீப்பிடிக்கும் வழி, செய்யாதே.

அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் பின்பக்கம் பூஞ்சை பூக்கும், நான்கு விரல் இடைவெளி விடு. பூஞ்சைக்கும் பூச்சிக்கும் பயந்து பிள்ளை துணிக்குள் அந்துருண்டை போடாதே. வாயில் போட்டுக்கொள்வது ஒரு பயம். சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு இருக்கும், அவர்களுக்கு அந்துருண்டை வாடை ஏறிய துணியே ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலை வரவழைக்கும். காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வை, போதும்.

உடைக்கு: உள்ளே பருத்திப் பனியன், அதன்மேல் முழுக்கை பருத்திச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், வெளியே போனால் காற்றும் தூறலும் புகாத மேல்சட்டை. கம்பளியை நேராகத் தோலில் போட்டால் அரிப்பு எடுத்து அழுவான். ஓடி விளையாடி வியர்த்ததும் ஒன்றைக் கழற்று. வியர்த்த பனியனோடு விட்டால் அது ஆறும்போதுதான் நடுங்குவான். கை குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யாதே, பிடரியில் கை வைத்துப் பார்.

குளியலை காலை 11 மணிக்கு மாற்றிக்கொள். முழங்கையை விட்டுப் பார்த்தால் இளஞ்சூடாக இருக்க வேண்டும். துவட்டுகிற துண்டு, போடப்போகிற உடை, எல்லாம் குளியலறைக்குள்ளேயே தயாராக இருக்கட்டும். கேஸ் கீசர் குளியலறைக்குள் மாட்டியிருக்கும் வீடாக இருந்தால் வீட்டு உரிமையாளரிடம் பேசி வெளியே மாற்றச் சொல், இல்லையென்றால் தண்ணீரைப் பிடித்து வைத்து அணைத்த பிறகு பிள்ளையை உள்ளே கொண்டு போ. இதோடு சேர்த்து ஒன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்: ராத்திரி குளிருக்குக் கரி அடுப்பைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்தாதே. கரி தணலாக இருக்கும்போது புகையே இருக்காது, வாடையும் இருக்காது, ஆனால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு நிறையும். மலையில் இப்படித் தூக்கத்திலேயே போனவர்கள் உண்டு. பிள்ளைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களைத்தான் முதலில் பிடிக்கும்.

சமையலுக்கு வருவோம். குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது, மேலே மலர்ந்து உள்ளே கல்லாக நிற்கும். பிள்ளைக்கு எல்லாமே குக்கர்தான். 2 மேசைக்கரண்டி அரிசி, 1 மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, துருவிய கேரட் கொஞ்சம். இதற்கு ஒரு டம்ளர் தண்ணீருக்குக் குறையாமல் ஊற்றி, ஊரில் 3 விசில் வைத்தால் இங்கே 5 வை. ஆவி தானாக அடங்கட்டும். குடிக்கிற தண்ணீர் கொதி வந்த பிறகும் 3 நிமிடம் கொதிக்கட்டும். தோசை மாவு ஒரு ராத்திரியில் பொங்காது. வெந்நீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் போர்த்தி வைத்தால் காலைக்குள் எழும்பும்.

பர்லியார்_ரோடு

சகோதரி, வண்டி விஷயம் நான் சொல்கிறேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு பர்லியார் வழி ஒன்று, கோத்தகிரி சுற்றி வரும் வழி ஒன்று. பர்லியார் வழி குட்டை, ஆனால் அக்டோபர், நவம்பரில் மண் சரிவதும் மரம் விழுவதும் இந்த வழியில்தான். ராத்திரி மழை பெய்திருந்தால் காலையில் கிளம்புமுன் மேட்டுப்பாளையத்திலேயே கேட்டுவிட்டு ஏறுங்கள். சாமான் ஏற்றி வரும் லாரிக்கும் உங்கள் காருக்கும் வெளி மாவட்டப் பதிவெண் என்றால் இ-பாஸ் வேண்டும், 2024 மே 7 முதல் இருக்கும் நடைமுறை. அரசு பஸ்ஸில் வருபவர்களுக்குத் தேவையில்லை. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் நீலகிரிக்குள் கூடாது, சோதனைச் சாவடியில் எடுத்துவிடுவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சி ஆற வைத்த தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டு வாருங்கள்.

இரண்டு வயதுக்குக் கீழே வளைவில் வாந்தி எடுப்பது குறைவு, இரண்டுக்கு மேல்தான் அதிகம். இருந்தாலும் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே ஓர் இட்லி, அரை இட்லி கொடுத்து முடித்துவிடுங்கள். வயிறு முட்டப் பால் கொடுத்து ஏற்றாதீர்கள். பஸ்ஸில் முன்பக்கம் உட்காருங்கள். பின் சக்கரத்துக்கு மேல் உள்ள சீட்டும் கடைசி சீட்டும்தான் அதிகம் ஆடும். காரில் முன்சீட்டில் மடியில் வைத்து வராதீர்கள், பின்சீட்டில் குழந்தை இருக்கை போட்டுக் கட்டுங்கள். மலை ரோட்டில் பிரேக் சட்டென்று போட வேண்டி வரும்.

காதுவலி ஏறும்போதைவிட இறங்கும்போதுதான். சுமார் 1,500 மீட்டர் ஒரே மூச்சில் இறங்குகிறோம், வெளிக்காற்றின் அழுத்தம் கூடிக்கொண்டே போகும், விழுங்கினால்தான் காது திறக்கும். அதனால் இறக்கத்தில் தூங்க வைக்காதீர்கள். கல்லாறு வரும் வரைக்கும் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டு வாய் தண்ணீர், அல்லது தாய்ப்பால். சளி பிடித்திருக்கும் வாரத்தில் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், அடைத்த மூக்கோடு இறங்கினால் வலி பலமடங்கு.

ஏப்ரல், மே சீசனில் ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்கு ஒரு வழி என்று போலீஸ் மாற்றிவிடும். அப்போது இறக்கம் கோத்தகிரி சுற்றித்தான், பயண நேரம் கூடும். டாக்டர் அப்பாயின்ட்மென்ட் அதற்கேற்ப வாங்குங்கள்.

ஹில்குரோவ்

ரயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. காலை 7:10-க்கு மேட்டுப்பாளையத்தில் எடுத்து குன்னூர் வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். மெதுவாக ஏறுவதால் வயிறும் காதும் கெடாது. ஆனால் பெட்டியில் கழிப்பறை கிடையாது, முன்பதிவு இல்லாமல் நம்பி வரவும் முடியாது. ஏறும்போது நீராவி எஞ்சின் பின்னாலிருந்துதான் தள்ளும், ஆகவே முன்பெட்டியில் இடம் கிடைத்தால் கரித்தூள் கண்ணில் விழுவது குறையும். தண்ணீர் பிடிக்க நிற்கும் இடங்களில் குரங்கு அதிகம். பிள்ளை கையில் பிஸ்கட்டோ வாழைப்பழமோ கொடுத்து ஜன்னல் பக்கம் உட்கார வைக்கக் கூடாது. கீறினாலோ கடித்தாலோ சோப்பு போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே லாலி அரசு மருத்துவமனை. பெரிய மழைக்காலத்தில் பாதையில் மண் விழுந்தால் ரயிலை ரத்து செய்துவிடுவார்கள் என்பதால், குடிபோகும் நாளுக்கு இதை வைத்துக்கொள்ளாதீர்கள். டிசம்பர் கடைசியில், மழை ஓய்ந்த பிறகு, பிள்ளைக்குக் காட்ட வாருங்கள்.

வெலிங்டன்_அக்கா

ஸ்தோத்திரம் தங்கச்சி. ஆராதனைக்குத் தனியாக வருகிறாய் என்பதால் இதை மட்டும் எழுதுகிறேன்.

இங்கே பழைய ஆலயங்கள் கல்லும் மரமும், உயரமான கூரை. பத்து மணி வெயில் வெளியே அடித்தாலும் உள்ளே தரை சில்லென்றே இருக்கும். தடித்த காலுறையும், அடிப்பாகம் ரப்பரான காலணியும் போடு. வாசல் கற்படிகளில் பாசி பிடித்திருக்கும், மழை நாளில் வழுக்கும். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் குடை என்று ஏறாதே. முன்னால் கட்டிக்கொள்ளும் கேரியரில் அவனை வை, நீ ரெயின்கோட் போட்டுக்கொள், கை இரண்டும் சும்மா இருக்கட்டும்.

பத்து நிமிடம் முன்பே வந்து பக்கவாசல் ஒட்டிய வரிசையில் ஓரத்தில் உட்கார். பாடல் நேரமெல்லாம் அவன் இருப்பான், பிரசங்கம் தொடங்கிப் பத்து நிமிடத்தில்தான் இறங்குவான். அதனால் பொம்மையை ஆரம்பத்திலேயே எடுக்காமல் பிரசங்கத்துக்கு என்று ஒதுக்கி வை. துணிப் புத்தகம், கயிற்றில் கோத்த பெரிய மரமணி மாதிரி, விழுந்தாலும் சத்தம் வராதது. தின்ன நனைத்த அவல், மசித்த பழத்துண்டு. பொரிகடலை, வேர்க்கடலை, முழுத் திராட்சை மூன்றும் வேண்டாம், மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். சத்தம் போடாதே என்று அடக்கப் பார்க்கும்போது பிள்ளை விம்மி இழுக்கும், அப்போது வாயில் எதுவும் இருக்கக் கூடாது.

திருவிருந்துக்கு அவனைத் தூக்கிக்கொண்டே போகலாம், ஆயர் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார். கிண்ணத்தை எட்டிப் பிடிக்காமல் இருக்க வெளிப்பக்கத் தோளில் போட்டுக்கொள். முதல் ஞாயிறே பெண்கள் ஐக்கிய சங்கத்தில் யாரிடமாவது, 'கணவருக்கு ஞாயிறும் வேலை, தனியாக வருகிறேன்' என்று சொல்லிவிடு. அடுத்த வாரத்திலிருந்து பிள்ளையை வாங்கிக்கொள்ள ஒரு மடி இருக்கும்.

டிசம்பரில் கவனம். விடியற்காலைக் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கும் 31-ஆம் தேதி ராத்திரி ஆராதனைக்கும் 10 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கும். காது மூடும் குல்லா கட்டாயம். மெழுகுவர்த்தி பிடிக்கும் ஆராதனையில் மயிர் மயிராக நிற்கும் செயற்கை இழை ஸ்வெட்டரைப் போடாதே, சுடர் பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். கீத பவனி (வீடு வீடாகப் போகும் கிறிஸ்துமஸ் பாட்டுக் குழு) உங்கள் வீட்டுக்கு வரும்போது ஜன்னல் வழியாகக் காட்டு, கூடவே ராத்திரியில் அழைத்துப் போக இன்னும் இரண்டு வருடம் ஆகட்டும்.

வீட்டு ஜெபத்தை ஏழு மணிக்கு முன்பே வைத்துக்கொள். ஒரு பாடலின் பல்லவி, ஒரு வசனம், அவன் கையைக் கூப்பச் சொல்லி ஓர் ஆமென். ஐந்து நிமிடம் போதும். நேரமும் இடமும் தினம் ஒன்றாக இருந்தால் புது வீட்டில் தூக்கம் சீக்கிரம் பழகும்.

கோத்தகிரி_நர்ஸ்

மேலே விடுபட்டது இரண்டு.

குன்னூர் இறங்கினதும் கடைக்குக் கடை நீலகிரித் தைலமும் விண்டர்கிரீன் தைலமும் இருக்கும். சளிக்கு நெஞ்சில் தடவச் சொல்வார்கள். இரண்டு வயதுக்குக் கீழே நீலகிரித் தைலம், கற்பூரம் சேர்த்த எண்ணெய், நெஞ்சில் தேய்க்கும் பாம் எதுவும் மூக்கிலோ நெஞ்சிலோ வேண்டாம். நீலகிரித் தைலம் ஒரு சிறு கரண்டி உள்ளே போனாலே வலிப்பு வரலாம். விண்டர்கிரீன் தைலம் முழுக்க மெத்தில் சாலிசிலேட், 5 மில்லியே சிறு பிள்ளையின் உயிருக்கு ஆபத்து. குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் பாட்டிலோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து மட்டும் போதும். பயண வாந்திக்குக் கடையில் கேட்டு ப்ரோமெத்தசின் கொடுப்பதும் இந்த வயதில் கூடாது.

அடுத்தது தடுப்பூசி அட்டை. 16 முதல் 24 மாதத்துக்குள் தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணை, டி.பி.டி. பூஸ்டர், போலியோ பூஸ்டர் போட்டாயிற்றா என்று பாருங்கள். பாக்கி இருந்தால் ஊரிலேயே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு போடுங்கள், காய்ச்சலோடு மலை ஏற வேண்டாம். முடியவில்லையென்றால் இங்கே புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடலாம், பழைய அட்டையும் ஆர்.சி.எச். எண்ணும் (தாய்-சேய் பதிவு எண்) கையோடு இருக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வீட்டில் நான்கு வையுங்கள். பேதியானால் ஒவ்வொரு தடவைக்கும் 50 முதல் 100 மில்லி, கரண்டியில்.

நாசரேத்_மகள்

எல்லாருக்கும் நன்றி. போலியோ பூஸ்டரும் டி.பி.டி.யும் பாக்கி இருக்கிறது, இந்தப் புதன்கிழமையே போட்டுவிடுகிறேன். தள்ளுவண்டி ஒன்று புதிதாக வாங்கி வைத்திருக்கிறோம், லாரியில் ஏற்றவா?

பெட்போர்டு_அம்மா

ஏற்றாதே. வீட்டிலிருந்து கடைத்தெரு வரை படியும் சரிவும்தான், நடைபாதை இருக்கும் இடத்தில் கார், பைக்கை நிறுத்தியிருப்பார்கள். சரிவில் கை நழுவினால் தள்ளுவண்டி நிற்காது. லாரியில் அந்த இடத்தில் மடக்கும் துணிக்கொடி ஸ்டாண்டு இரண்டு ஏற்றிக்கொள்.