லெகாட்டோ ஸ்ட்ரிங்ஸ் க்ளிக்கை விட்டுப் பின்தங்குகிறது. தோடி காந்தாரத்தை சாம்பிளில் கொண்டுவருவது எப்படி?

மத்யமகாலம்:
வணக்கம். ரீரெக்கார்டிங், அதாவது படத்தின் பின்னணி இசை வேலைக்கு ஸ்ட்ரிங்ஸ் மாக்அப் (லைவ் பதிவுக்கு முன் கம்ப்யூட்டரில் செய்யும் மாதிரி). க்யூபேஸ் என்ற இசைப்பதிவு மென்பொருள், 48 கிலோஹெர்ட்ஸ், படம் 24 ஃபிரேம், டெம்போ 84. கான்டாக்ட் சாம்பிளரில் (முன்பே பதிந்த வாத்திய ஒலிகளை, அதாவது சாம்பிள்களை, வாசிக்கும் மென்பொருள்) சினிமாட்டிக் ஸ்டுடியோ ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரி.

நோட்டெல்லாம் குவான்டைஸ் பண்ணி, தாளக் கட்டத்தில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முதல் வயலின் மெலடி க்ளிக்குக்கு (தாள அடிக்கு) பின்னாலேயே இழுத்துக்கொண்டு வருகிறது. ஆடியோ பஃபரை (கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) 512-இலிருந்து 128-க்கு இறக்கிப் பார்த்தேன், மாற்றம் இல்லை. இப்போது ஒவ்வொரு நோட்டையும் கையால் முன்னே தள்ளி வைத்திருக்கிறேன். கேட்க சரியாக இருக்கிறது. ஆனால் இதன் மேல் லைவ் வயலின் வரப்போகிறது, நொட்டேஷன் எடுத்தால் பக்கம் முழுக்க டையும் ரெஸ்ட்டுமாகக் கொட்டுகிறது.

இரண்டாவது கேள்வி. தோடி சாயலில் ஒரு வரி, காந்தாரத்தில் நின்று அசைய வேண்டும். வேறொரு லைப்ரரியின் சஸ்டெய்ன் பேட்சில் (நீண்டு நிற்கும் சுரங்களின் தொகுப்பு) பிட்ச் பெண்ட் (சுருதியை வளைக்கும் கட்டளை) போட்டால் வயலின் அசைவது போல இல்லை, ஹாலே சேர்ந்து ஆடுவது போல இருக்கிறது. என்ன செய்யலாம்?

வில்நுனி:
முதலில் பஃபரை விட்டுவிடுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் என்பது 10.7 மில்லிசெகண்ட், 128 என்பது 2.7. உங்கள் காதில் விழும் தாமதம் இதைப் போல இருபது, முப்பது மடங்கு. அது லைப்ரரியில் பதிந்த ஒலிக்குள்ளேயே இருக்கிறது.

உண்மையான லெகாட்டோ (சுரங்களை அறுபடாமல் இணைத்து வாசிப்பது) பேட்சில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும் வழியையும் வாசித்துப் பதிந்திருப்பார்கள். நீங்கள் கீயை அழுத்தும்போது ஒலிக்கத் தொடங்குவது அந்த வழிதான். புதிய சுரம் அதன் முடிவில்தான் வந்து உட்காரும். இந்த லைப்ரரியில் அந்தத் தாமதம் வெலாசிட்டியை, அதாவது கீயை அழுத்தும் வேகத்துக்கான எண்ணைப் பொறுத்தது. 64 வரை மெதுவான லெகாட்டோ, 333 மில்லிசெகண்ட். 65 முதல் 100 வரை நடுத்தரம், 250. அதற்கு மேல் வேகம், 100. வெட்டி வாசிக்கும் ஷார்ட் ஆர்ட்டிகுலேஷன்களுக்கு 60. படத்தின் கணக்கில் 333 என்றால் 8 ஃபிரேம், 250 என்றால் 6 ஃபிரேம். ஒரு முகம் திரும்பும் இடத்தில் 6 ஃபிரேம் தவறினால் யாருக்கும் தெரியும்.

கையால் தள்ளியதையெல்லாம் திரும்பக் குவான்டைஸ் பண்ணிவிடுங்கள். ட்ராக்கைத் தேர்ந்தெடுத்து, இன்ஸ்பெக்டரில் வால்யூம், பேனுக்குப் பக்கத்தில் உள்ள டிலேயில் மைனஸ் 250 என்று போடுங்கள். இது ஒலிக்கும்போது மட்டும்தான் முன்னே தள்ளும், நோட்டுகள் கட்டத்திலேயே இருக்கும், நொட்டேஷனும் சுத்தமாக வரும். ரீப்பர் மென்பொருளில் இதற்கு ட்ராக் பிளேபேக் ஆஃப்செட். லாஜிக்கில் ரீஜன் இன்ஸ்பெக்டரில் உள்ள டிலே. அங்கே டிக் (தாள அடியின் சிறு பகுதி) கணக்கில் போட்டால் டெம்போ மாறும் இடத்தில் அளவும் மாறிவிடும், கவனம்.

இன்னொன்று. 84-இல் ஒரு பதினாறாம் நோட்டின் நீளம் சுமார் 179 மில்லிசெகண்ட். அதில் 250 மில்லிசெகண்ட் பாதையை நுழைக்க முடியாது. சுரம் வந்து சேருமுன் அடுத்தது தொடங்கிவிடும், ஓட்டம் குழைந்துபோகும். வேகமான சங்கதிகளின் வெலாசிட்டியை 100-க்கு மேல் ஏற்றியே ஆக வேண்டும்.

மத்யமகாலம்:
மைனஸ் 250 போட்டதும் மெலடி உட்கார்ந்துவிட்டது, நன்றி. ஆனால் மூன்று புதுச் சிக்கல். ஒவ்வொரு ஃப்ரேஸின் முதல் நோட்டும் இப்போது முந்திக்கொண்டு வருகிறது. வேகமான நோட்டுகளும் முந்துகின்றன. படத்தில் கதவு திறக்கும் இடத்துக்கு வரைந்த கிரசென்டோவும் (ஒலி படிப்படியாக ஏறுவது) கதவுக்கு முன்னாலேயே உச்சத்துக்குப் போய்விடுகிறது.

ஆதாரஷட்ஜம்:
மூணுக்கும் காரணம் ஒண்ணுதான் சார். ட்ராக் டிலே அந்த ட்ராக்ல இருக்கிற எல்லாத்தையும் ஒரே அளவுல தள்ளும். ஆனா உள்ளே ஒவ்வொண்ணுக்கும் தாமதம் வேற வேற.

ஃப்ரேஸோட முதல் நோட்டுக்கு முன்னாடி எந்தச் சுரமும் இல்ல, அதனால லெகாட்டோ பாதையே ஓடாது. அதுக்கு 250 அதிகம். மாடுலேஷன், அதாவது சிசி 1 (ஒலியோட பலத்தை ஏத்தி இறக்குற மிடி கட்டளை), உடனே கேட்கும், அதுக்குத் தாமதமே கிடையாது. நீங்க அதையும் 6 ஃபிரேம் முன்னாடி தள்ளிட்டீங்க.

இப்படிப் பிரிங்க. இன்ஸ்ட்ருமென்ட் ஒண்ணே ஒண்ணு. அதே சேனலுக்கு அனுப்புற மிடி ட்ராக் நாலு: மெதுவுக்கு மைனஸ் 333, நடுத்தரத்துக்கு மைனஸ் 250, வேகத்துக்கு மைனஸ் 100, நாலாவதுல நோட்டே இல்லாம சிசி 1, எக்ஸ்பிரஷனுக்கான சிசி 11, வைப்ராட்டோவுக்கான (சுர நடுக்கம்) சிசி 2 மட்டும், டிலே பூஜ்யம். கிரசென்டோவை இந்த நாலாவதுல வரைஞ்சா கதவு திறக்கிற ஃபிரேம்லயே உச்சம் வரும். ஃப்ரேஸோட முதல் நோட்டை 100 ட்ராக்ல போட்டுக் கேட்டுப் பாருங்க, பெரும்பாலும் அங்கேயே சரியா விழும்.

இதுல எல்லாரும் தடுக்கி விழுற இடம் ஒண்ணு இருக்கு. மெது ட்ராக்ல ஒரு நோட்டு முடிஞ்சு, அடுத்த நோட்டு வேக ட்ராக்ல தொடங்குதுன்னு வைங்க. திரையில ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கும். ஆனா முதல் நோட்டோட முடிவு 333 முன்னாடி போகுது, அடுத்ததோட தொடக்கம் 100 தான் முன்னாடி போகுது. நடுவுல 233 மில்லிசெகண்ட் ஓட்டை. லெகாட்டோ அறுந்து புது வில் போட்ட மாதிரி கேட்கும். அந்த முதல் நோட்டோட வாலை ஒரு 250 மில்லிசெகண்ட் நீட்டி விடுங்க. வேகத்துலேர்ந்து மெதுவுக்குப் போறப்ப தானாவே மேல மேல விழும், பிரச்சினை இல்ல.

வேற லைப்ரரிக்கு மேனுவல்ல அளவு இல்லேன்னா நீங்களே அளக்கலாம். டெம்போ 60, கால் நோட்டுகளை ஒண்ணோட ஒண்ணு கொஞ்சம் ஏறினாப்ல லெகாட்டோவா போட்டு, வெலாசிட்டி 40, 80, 120-ன்னு மூணு தரம் பவுன்ஸ் பண்ணுங்க, அதாவது ஆடியோ ஃபைலா எடுங்க. பெரிசு பண்ணிப் பாத்து, தாளக் கோட்டுலேர்ந்து புதுச் சுரம் நிலைக்கிற இடம் வரைக்கும் அளங்க. ரிவர்பை (எதிரொலி எஃபெக்ட்) அணைச்சிட்டு அளக்கணும்.

காந்தாரக்காரன்:
இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

ஹால் ஆடுவது போல இருக்கிறது என்று எழுதினீர்கள், உண்மையில் ஹால்தான் ஆடுகிறது. அந்த சாம்பிளில் தூர மைக்குகள் பிடித்த அறையின் எதிரொலியும் பதிந்திருக்கிறது. பிட்ச் பெண்ட் வயலினை மட்டும் தனியே பிடித்து வளைக்காது, அறையையும் சேர்த்தே வளைக்கும். எனவே க்ளோஸ் மைக்கைத் தவிர மற்றதை அணைத்துவிட்டு, பெண்ட் எல்லாம் முடிந்த பிறகு வெளியே ஒரு ரிவர்பை வையுங்கள்.

அடுத்தது வைப்ராட்டோ. சாம்பிளரில் மேலே வளைப்பது என்றால் சாம்பிளை வேகமாக ஓட்டுவது. மூன்று அரைச்சுரம் ஏற்றினால் அதிலிருக்கும் வைப்ராட்டோவும் சுமார் 19 சதவீதம் வேகமாகிவிடும், வயலின் பெட்டியின் நிறமும் மேலே நகரும், சின்ன வாத்தியம் போலத் தொனிக்கும். வைப்ராட்டோ இல்லாத சஸ்டெய்னை எடுங்கள். கம்பிதமும் (கர்நாடக இசையின் சுர அசைவு) வைப்ராட்டோவும் ஒரே சுரத்தில் சண்டை போடும்.

இப்போது வளைவு. தோடியின் சாதாரண காந்தாரம் சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் இடையே அசைவது. காந்தாரத்திலிருந்து கீழே இரண்டு அரைச்சுரம், மேலே இரண்டு. பெண்ட் ரேஞ்ச் (எத்தனை அரைச்சுரம் வரை வளையலாம் என்ற எல்லை) 2 என்று இருந்தால் இரண்டு முனையிலும் சுவரில் முட்டி தட்டையாக நிற்கும். 3 அல்லது 4 வையுங்கள். இதை எல்எஃப்ஓ கொண்டு சீரான அலையாக அசைத்தால் சைரன் மாதிரிதான் வரும். தோடியில் அசைவு சமமாக இல்லை: ஒரு முனையில் தங்கும், ஒரு முனையைத் தொட்டுவிட்டு மட்டும் வரும், ஒவ்வொரு சுற்றும் வேறு அகலம்.

ஆகவே கையால் வரைய வேண்டாம், பாடுங்கள். அல்லது பாடத் தெரிந்தவரைப் பாட வையுங்கள். அதே க்ளிக்கில் பதிந்து க்யூபேஸின் வேரிஆடியோவில் (பதிந்த குரலின் சுருதியைப் பிரித்துக் காட்டும் பகுதி) திறந்து, எக்ஸ்ட்ராக்ட் மிடி கொடுத்து, தொடர்ச்சியான பிட்ச் பெண்டோடு என்பதைத் தேர்ந்தெடுங்கள். அங்கே கேட்கும் பெண்ட் ரேஞ்சும் வாத்தியத்தில் நீங்கள் வைத்த ரேஞ்சும் ஒன்றாக இருக்க வேண்டும். அங்கே 2, இங்கே 4 என்று இருந்தால் அசைவு இரட்டிப்பாகி ராகமே மாறிவிடும். வந்த வளைவில் குரலின் மெய்யெழுத்து இடங்களில் சிறு முட்கள் இருக்கும், அவற்றை மட்டும் மழித்துவிடுங்கள்.

பெண்டும் சிசி போலத்தான், உடனே கேட்கும். டிலே பூஜ்யமான ட்ராக்கில் போடுங்கள்.

வில்நுனி:
இதோடு ஒன்று சேர்க்கிறேன். முழு செக்‌ஷன் அசைய வேண்டுமென்றால் ஒரே வளைவை என்சாம்பிள் பேட்சில் போடாதீர்கள். பதினாறு பேரும் ஒரே விரலால் வாசிப்பது போலிருக்கும். மூன்று சோலோ வயலினாகப் பிரித்து, வளைவை ஒன்றுக்கொன்று 15 முதல் 25 மில்லிசெகண்ட் தள்ளி, ஆழத்தையும் சற்றே கூட்டிக் குறையுங்கள். ஒரே பேட்சை மூன்று முறை ஏற்றினால் அதே சாம்பிள் தன் மேலேயே விழுந்து ஃப்ளாஞ்சர் எஃபெக்ட் போலச் சுழலும். மூன்றும் வெவ்வேறு வாத்தியமாக இருக்கட்டும்.

ஸ்வாம் போன்ற மாடலிங் (ஒலியைக் கணக்கிட்டு உருவாக்கும்) வயலினில் சாம்பிளே இல்லாததால் வளைத்தாலும் பெட்டி நிறம் நகராது. கமகத்துக்கு அது நன்றாக இடம் கொடுக்கும். எக்ஸ்பிரஷன், சிசி 11, விடாமல் வரைய வேண்டும், அதுதான் வில். அது நேர்கோடாக இருந்தால் ஒலி பிளாஸ்டிக்.

ஆதாரஷட்ஜம்:
லைவ் வயலின் வருதுன்னு சொல்றீங்க, அப்ப காந்தாரத்துக்கு இவ்ளோ கஷ்டம் வேண்டாம். ஒரே வயலினிஸ்ட்டை நாலு தரம் வாசிக்க வைங்க, ரெண்டு தரம் இடம் மாத்தி உட்கார வைங்க. அடியில சாம்பிளை வளைக்காம ஸ்வரஸ்தானத்துல நேரா நிக்க விட்டு 6 டெசிபல் இறக்குங்க. காது மேல அசையறதைத்தான் பிடிச்சுக்கும். கம்பிதம் ரொம்ப அகலமா இருக்கிற நோட்டுல மட்டும் அடி லேயரை எடுத்துடுங்க, இல்லேன்னா நேரா நிக்கிற காந்தாரம் ரிஷபத்தோட உரசும்.

மத்யமகாலம்:
பாடிப் பதிந்து வளைவை எடுத்தேன், வித்தியாசம் பெரிது. டைரக்டருக்கு அனுப்பும் மாக்அப்புக்கு அதுவே போதும், இறுதிக்கு லைவ். மிக்ஸிங்குக்கு ஸ்டெம் (வாத்தியக் குழு வாரியாகப் பிரித்த ஆடியோ) கொடுக்கும்போது இந்த டிலே எல்லாம் ஏதாவது சிக்கல் பண்ணுமா?

ஆதாரஷட்ஜம்:
க்யூவோட (ஒரு காட்சிக்கான இசைத் துண்டு) ஆரம்பத்துல ஒரு பார் காலியா விடுங்க. ப்ராஜெக்டோட முதல் புள்ளியிலேயே நோட்டு இருந்தா, 333 முன்னாடி போக இடமில்லாம அது ஒலிக்காமலே போயிடும்.

ஒவ்வொரு ஸ்டெம்முக்கும் தனி ரிவர்ப். ஸ்ட்ரிங்ஸும் பெர்கஷனும் ஒரே ரிவர்புக்குப் போச்சுன்னா, மிக்ஸ்ல தாளத்தை அணைச்ச பிறகும் அதோட வால் ஸ்ட்ரிங்ஸ் ஸ்டெம்ல கேட்கும். மாஸ்டர்ல லிமிட்டர் (ஒலி எல்லை தாண்டாம அமுக்குறது) இருந்தா எடுத்துடுங்க. தனித்தனியா எடுத்த ஸ்டெம்மைக் கூட்டினா நீங்க கேட்ட மிக்ஸ் வராது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், எல்லாம் ஒரே டைம்கோடுல தொடங்கணும், ரிவர்ப் அடங்குற வரைக்கும் வால் விட்டு முடிக்கணும். 44.1-ல எடுத்த ஃபைலை மாத்தாம 48-ல ஓட்டினா சுமார் ஒன்றரை அரைச்சுரம் ஏறிடும், உங்க தோடி வேற சுருதிக்குப் போயிடும். பவுன்ஸ் முடிஞ்சதும் அந்த ஆடியோவை அதே ப்ராஜெக்ட்ல புது ட்ராக்ல இறக்கி, கதவு திறக்கிற ஃபிரேம்ல நிறுத்திப் பாருங்க.