[கலைச்சொல்] ஹோம்ப்ரூ, கிராஸ் கம்பைலர்: வியாழனுக்குள் முடிவு வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

சேகாவின் ட்ரீம்காஸ்ட் விளையாட்டுக் கருவிக்கு, கல்லிஸ்டிஓஎஸ் என்ற இயங்குதளம் கொண்டு விளையாட்டு எழுதக் கற்பிக்கும் கையேடு வியாழன் காலை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொற்கள் பாக்கி. ஒன்று ஹோம்ப்ரூ: கருவியைத் தயாரித்த நிறுவனத்தின் உரிமமும் அது தரும் மென்பொருளும் இல்லாமல், ஆர்வலர்கள் தாமே எழுதும் ஆட்டம். மற்றது கிராஸ் கம்பைலர்: ஒரு கணினியில் ஓடி, வேறொரு கருவிக்கான இயந்திரக் கட்டளையை எழுதித் தரும் நிரல். வரைவில் 'வீட்டு வடிப்பு', 'குறுக்குத் தொகுப்பி' என்று போட்டிருக்கிறேன். முதலாவதைப் பார்த்தவர்கள் சிரிக்கிறார்கள்.

நி.

——

நி. அம்மா,

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? வடிப்பு என்றால் ஊறல் போட்டு வடிப்பது. 'வீட்டு வடிப்புப் பயிற்சி, அனைவரும் வருக' என்று கல்லூரிச் சுவரில் ஒட்டினால் முதலில் வருவது மதுவிலக்குப் போலீஸ்தான். 'தன்னாக்க ஆட்டம்' போதும்.

கு.

——

அன்பர்களே,

கள் வாடைக்கு ஏன் முகம் சுளிக்க வேண்டும்? இந்தச் சொல் நம்மிடம் பழையது. பெரும்பாணாற்றுப்படையில் 'இல்லடு கள்ளின் தோப்பி பருகி' என்று வருகிறது. இல்லில் அட்ட கள். ஆங்கிலக்காரன் சொல்வதும் அச்சு அசலாக அதுவே. ஆகவே 'இல்லடு ஆட்டம்'. அடுதல் சமைத்தல், அடுப்பும் அட்டிலும் அந்த வேரில் வந்தவை. அடுதலுக்குக் கொல்லுதல் என்ற பொருளும் உண்டு (அடுகளம், அடுபோர்), சுட்டுத் தள்ளும் ஆட்டங்களுக்கு அதுவும் பொருந்திவிடும். எழுதுபவர் 'இல்லடுநர்'.

வே.

——

வே. ஐயா, சேர்த்து எழுதினால் 'இல்லடாட்டம்' ஆகுமே. பத்தொன்பது வயதுப் பையன் அதை 'இல்லடா' என்றுதான் படிப்பான்.

கு.

——

தம்பி, தனிக்குறிலை அடுத்து வரும் உகரம் முற்றியலுகரம். அது கெடாது. வகரம் உடம்படுமெய்யாக வந்து 'இல்லடுவாட்டம்' ஆகும்.

வே.

——

'முற்றும் அற்று ஒரோவழி' என்று நன்னூலார் விட்டுக்கொடுத்திருக்கிறாரே ஐயா. கதவு + அழகு, கதவழகு ஆகவில்லையா?

கு.

——

இலக்கணம் ஒரு பக்கம் நடக்கட்டும். கையேட்டைப் பிடித்துக்கொண்டு உட்காரப்போகும் மாணவரை நினைத்துச் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, ஹோம்ப்ரூ என்றதும் திருட்டு வட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எந்தச் சொல்லைப் போட்டாலும் அதற்கு அடுத்த வரியிலேயே அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுங்கள். சேகா 2001-இல் ட்ரீம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்தியது. கல்லிஸ்டிஓஎஸ் ஆர்வலர்கள் எழுதிய திறமூல இயங்குதளம். அதைக் கொண்டு எழுதும் ஆட்டம் யாருடைய ஆட்டத்தின் நகலும் அல்ல.

இரண்டாவது, 'குறுக்கு' கூடாது. குறுக்கு வழி, குறுக்கு விசாரணை என்று எதை எடுத்தாலும் அதில் ஊடே புகுவது என்ற பொருள் இருக்கிறது. இங்கே எதுவும் ஊடே புகவில்லை. ட்ரீம்காஸ்டில் இருப்பது ஹிட்டாச்சி எஸ்எச்-4 செயலி, 200 மெகாஹெர்ட்ஸ், முதன்மை நினைவகம் 16 எம்பி. ஜிசிசி என்ற தொகுப்பியை அதற்குள் ஓட்டிப் பெரிய நிரலைத் தொகுக்க யாரும் முனைவதில்லை. மேசைக் கணினியில் ஓடி எஸ்எச்-4 புரிந்துகொள்ளும் இயந்திரக் கட்டளையை எழுதித் தருகிறது இந்தத் தொகுப்பி. ஒலிக்கென்று ஏஆர்எம்7 செயலிக் கருவும் 2 எம்பி நினைவகமும் தனியே இருப்பதால் அதற்கு இன்னொரு தொகுப்பி. (ஒலி இயக்கி ஆயத்தமாகவே கிடைப்பதால் இரண்டாவதைத் தொடக்கத்தில் விட்டுவிடலாம். ஜிசிசியைக் கட்டும் நேரத்தில் கொஞ்சம் மிச்சம்.)

இதற்கு நேர்மாறும் உண்டு என்பதால்தான் சொல் துல்லியமாக இருக்க வேண்டும் என்கிறேன். சோனி 2002-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு லினக்ஸ் தொகுதி விற்றது. 40 ஜிபி வன்தட்டு, வலையிணைப்பி, விசைப்பலகை, சுட்டி எல்லாம் அதில் வந்தன. அங்கே ஜிசிசி அந்தக் கருவிக்குள்ளேயே, 32 எம்பி நினைவகத்தில் ஓடியது. எழுதுவதும் தொகுப்பதும் ஆடுவதும் ஒரே பெட்டியில். எனவே அது 'தன்பொறித் தொகுப்பி', நமக்கு வேண்டியது 'அயற்பொறித் தொகுப்பி'. இரண்டையும் இணையாக வைத்தால் சொல்லே பாடம் நடத்திவிடும்.

செ.

——

'பொறி' என்றால் எலிப்பொறிதானே நினைவுக்கு வருகிறது? 'வேற்றுக்கணினித் தொகுப்பி' எனலாமே.

ம.

——

ம. ஐயா, ஏஆர்எம்7 ஒலிக்கருவைக் கணினி என்பீர்களா? ஐம்பொறி, விசைப்பொறி எல்லாம் நம் வழக்கில் இருப்பவைதானே. எலி பாவம், அதை விடுங்கள்.

செ.

——

நடுவில் ஒரு கேள்வி. ஸ்க்ராம்பிள் என்பதை 'குலைத்தல்' என்று எழுதியிருக்கிறேன், சரியா?

நி.

——

வேண்டாம். குலைத்தல் என்றால் கெட்டுப்போனது என்று பொருள்படும். அந்தப் படியில் எந்தத் தரவும் கெடுவதில்லை. நிரலைத் துண்டுகளாக்கி, குறித்த ஒரு முறைப்படி இடம் மாற்றி வைப்பது மட்டுமே. சீட்டாட்டத்தில் சொல்வது போல 'கலைத்துப்போடல்' என்க.

அந்தப் பத்தியில் வரிசையும் தவறியிருக்கிறது. முதலில் தொகுப்பி தரும் எல்ஃப் கோப்பிலிருந்து தலைப்புப் பகுதிகளை நீக்கி வெறும் இருமக் கோப்பாக்க வேண்டும். பிறகுதான் கலைத்துப்போட்டு வட்டில் எழுத வேண்டும். சாதாரண சிடி-ஆர் வட்டைக் கருவி ஏற்பது மில்-சிடி என்ற வழியால். அந்த வழியில் துவங்கும்போது கருவியே துண்டுகளைப் பழைய இடங்களுக்கு மாற்றும். கலைக்காத கோப்பைக் கொடுத்தால் அதையும் மாற்றிப்போடும், சின்னம் தோன்றியதோடு ஆட்டம் நின்றுவிடும். தொடர்வடம் வழியாகவோ வலையிணைப்பி வழியாகவோ டிசிலோடு என்ற ஏற்றும் நிரலைக் கொண்டு ஏற்றும்போது கலைக்கக் கூடாது. அங்கே எல்ஃப் கோப்பே போதும். கடைசிக் காலத்தில் தயாரான சில கருவிகளில் மில்-சிடி வழி அடைக்கப்பட்டுவிட்டது, அவற்றில் எப்படி எழுதினாலும் சிடி-ஆர் துவங்காது. மாணவர் வட்டைக் குறை சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது பாருங்கள், இதை ஒரு கட்டத்துக்குள் தனியாகப் போடுங்கள்.

செ.

——

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்தார் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள், இப்போதைக்கு இப்படி வைக்கிறேன். 'அயற்பொறித் தொகுப்பி'க்கு ம. தவிர அனைவரும் சரி என்கிறார்கள். 'தன்னாக்க ஆட்டம்' முதல் முறை வருமிடத்தில் 'ஹோம்ப்ரூ எனப்படும்' என்று முன்னொட்டுகிறேன். ஸ்க்ராம்பிளுக்குக் 'கலைத்துப்போடல்'.

நி.

——

என் மறுப்பைப் பதிந்துவைக்கவும். உரிமம் வாங்கி எழுதும் நிறுவனமும் தானே ஆக்கிக்கொள்வதுதான், அதுவும் தன்னாக்கமா? எங்கே ஆக்கப்பட்டது என்பதில்தான் ஹோம்ப்ரூவின் உயிர் இருக்கிறது. அதைச் சொல்வது 'இல்லடு' ஒன்றே. உடம்படுமெய் பற்றித் தம்பி கு.வுக்குத் தனி மடல் வரும்.

வே.

——

காத்திருக்கிறேன் ஐயா.

நி. அம்மா, அச்சுக்குப் போகுமுன் ஒன்று. 'கட்டளை காணப்படவில்லை' என்ற பிழைக்குத் தொகுப்பியை மறுபடி நிறுவச் சொல்லியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது தேவைப்படாது. புதிய முனையம் திறக்கும்போதெல்லாம் தொகுப்பி எங்கே இருக்கிறது என்று சொல்லும் கல்லிஸ்டிஓஎஸ் சூழல் கோப்பை ஒருமுறை ஏற்ற வேண்டும், அதை மறந்திருப்பார்கள். ஏற்றாமல் நேரே ஜிசிசி என்று கொடுத்தால் இன்னும் மோசம். மேசைக் கணினிக்கான நிரல் பிழையின்றித் தொகுந்துவிடும், ட்ரீம்காஸ்டில்தான் ஓடாது. கிடைத்த கோப்பின் மேல் 'ஃபைல்' கட்டளையைக் கொடுத்து 'ரெனெசாஸ் எஸ்எச்' (நம் எஸ்எச்-4 செயலியின் குடும்பம்) என்று வருகிறதா பார்க்கச் சொல்லுங்கள்.

கு.