சினமனுக்கும் காசியாவுக்கும் தனித்தனிச் சொல்

சென்னை:
நண்பர்களே, மசாலாப் பொட்டலக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்குகிறேன், திங்களன்று அச்சுக்குப் போகிறது. மூலத்தில் சினமன் ஒரு வரி, காசியா ஒரு வரி. நம் அஞ்சறைப்பெட்டியில் இரண்டும் பட்டைதான். காசியாவில் கூமரின் என்ற வேதிப்பொருள் மிகுதி, அளவு மீறினால் கல்லீரலுக்கு ஆகாது; சினமனில், அதாவது இலங்கைப் பட்டையில், அது பெயருக்குத்தான். மாற்றி எழுதிவிடக் கூடாது. முன்பு யாரோ செய்த மொழிபெயர்ப்பில் காசியா 'கொன்றைப்பட்டை' ஆகியிருக்கிறது!

மதுரை:
தாவரவியலில் கொன்றைப் பேரினத்தின் பெயரும் காசியா, அதனால் வந்த வினை. அதைப் போட்டுப் பிரியாணி செய்ய வேண்டாம். சினமனுக்கு இலவங்கப்பட்டை இருக்கிறதே?

கோவை:
இலவங்கம் வடமொழியில் கிராம்பு. கிராம்பு மரத்துப் பட்டையா விற்கப்போகிறீர்கள்?

கொழும்பு:
எங்களுக்கு அது கறுவா. கொழும்பு 7ஐக் கறுவாத்தோட்டம் என்றுதான் சொல்கிறோம். மலையாளத்திலும் கறுவதான், ஈழத்துச் சொல் என்று தள்ளாதீர்கள். மேல்தோலைச் சுரண்டி, பித்தளைக் கம்பியால் தேய்த்து, உள்பட்டையை உரித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் காயவிடுவார்கள். முனையைப் பாருங்கள், சுருட்டிய கடதாசி மாதிரிப் பல மடிப்பு. காசியா ஒற்றை மடிப்பு, நல்ல தடிப்பு.

மதுரை:
இங்கே கறுவா என்று அச்சடித்தால் கருவாடா என்பார்கள்.

தஞ்சாவூர்:
சிங்களத்தில் இதற்குக் குருந்து என்று பெயர். மணிவாசகர் ஆட்கொள்ளப்பட்டது குருந்த மரத்தடியில். கண்ணன் ஒசித்ததும் குருந்து. நம் சொல்லை நாமே மீட்டால் என்ன?

கோவை:
ஐயா, நம் குருந்து எலுமிச்சைக் குடும்பத்து முள்மரம். மணிவாசகரை மசாலாவுக்குள் இழுக்காதீர்கள்.

தஞ்சாவூர்:
'குருவும் கெழுவும் நிறனாகும்மே' என்பது தொல்காப்பியம்; குரு என்றால் நிறம். பட்டையின் நிறத்தை எண்ணிப் பாருங்கள். விரிவாக நாளை எழுதுகிறேன்.

சென்னை:
ஐயா, நாளை அச்சு. மளிகைக் கடையில் பட்டை கேட்டேன், அண்ணாச்சி "சுருளா, சாதாவா?" என்றார். அதையே பிடித்துக்கொண்டேன்: சுருள்பட்டை (கறுவா). காசியாவுக்குத் தடிப்பட்டை. ஒருவர் தனிமடலில் சீனப்பட்டை என்றார். வியட்நாமிலிருந்தும் வருவதை அப்படி எழுத மனம் வரவில்லை. மதுரையும் கோவையும் சரி என்றுவிட்டார்கள், களைத்துப்போய்த்தான்.

கொழும்பு:
காசியாவும் சுருளும், இந்தோனேசியச் சரக்கைப் பாருங்கள். கறுவாவை அடைப்புக்குறிக்குள் போட்டதற்கு என் எதிர்ப்பைக் குறித்துக்கொள்ளுங்கள்.