காட்லிங் அந்துப்பூச்சி, ஃபெரமோன் டிஸ்பென்சர்: உங்க அனுபவம் என்ன?

யாகிமாக்காரன்:
வாஷிங்டன் மாநிலம், ஆர்கானிக் ஆப்பிள். காட்லிங் அந்துப்பூச்சியோட புழு ஆப்பிளைக் குடையும். டிஸ்பென்சர்னா பெண் பூச்சியோட வாசனையை (ஃபெரமோன்) மெல்லக் கசியவிடுற கம்பி, ஆண் பூச்சியைக் குழப்புறதுக்கு. நேரா விஷயத்துக்கு வர்றேன். பூ விடுறதுக்கு முன்னாடியே ஏக்கருக்கு 400 வீதம், மரத்தோட உச்சிப் பக்கமா கழி வச்சு மாட்டியாச்சு. பூச்சி எவ்வளவுன்னு பார்க்க வச்ச பொறியில வாரா வாரம் பூஜ்யம். மேனேஜருக்கு ஒரே சந்தோஷம். ஜூலையில ஓர வரிசையில ஒரு காயைப் பறிச்சேன். பூ இருந்த குழியில மரத்தூள் மாதிரி எச்சம். வகுந்து பார்த்தா லேசா ரோஸ் நிறத்துல, தலை மட்டும் பழுப்பா ஒரு புழு, விதையைத் தின்னுக்கிட்டு இருக்கு. அந்த வரிசை முழுக்க இதே கதி. நடுத்தோட்டத்துல ஒண்ணுகூட இல்ல. பூஜ்யம்னு சொன்ன பொறிக்குப் பக்கத்து மரம்யா அது!

வெனாச்சிவாசி:
பொறியில எந்த லூர் (பூச்சியை இழுக்குற வாசனைத் துண்டு) போட்டாங்க? சாதா 1 மில்லிகிராம்னா பூஜ்யம்தான் காட்டும். தோட்டமே வாசனையில மிதக்குது, ஆண் பூச்சி அந்தப் பொறியை எங்க தேடிக் கண்டுபிடிக்கும்? 10 மில்லிகிராம் போடணும், இல்லைன்னா பேரி எஸ்டர், அதாவது பேரிக்காய் வாசனைப் பொருள் கலந்தது. பேரி எஸ்டருக்குப் பெண்ணும் வரும்.

நான் பார்த்தது வேற. மே கடைசி, இருட்டுற நேரம், காத்தே இல்ல. கிளையில முறுக்கிக் கட்டின டிஸ்பென்சர் கம்பிகிட்ட ஒரு ஆண் பூச்சி. படபடன்னு வருது, தொடுற மாதிரி போகுது, விலகுது, அடுத்த கம்பிக்குப் போகுது. டார்ச் அடிச்சா சாம்பல் இறக்கை நுனியில செம்பு நிறப் பட்டை மின்னுது. இல்லாத பொண்ணைத் தேடி அலைஞ்சுச்சு. பாவமாத்தான் இருந்துச்சு.

ஒட்டன்சத்திரத்தான்:
தம்பிகளா, 400 எதுக்கு? காசைக் கரியாக்குற வேலை. நான் கத்திரிக்கு ஏக்கருக்கு 5 பொறி வைக்கிறேன், காய்ப்புழு அந்து தினம் விழுது. அதோட வாடித் தொங்குற குருத்தை வாரம் ஒருக்கா கிள்ளி, புழுவோட அழிச்சிடணும். வயல்லயே போட்டா திரும்ப ஏறும். சொத்தைக் காயையும் வரப்புல வீசக்கூடாது. லூரைக் கையால தொடாதீங்க, புகையிலை போட்ட கையின்னா சுத்தம். பழைய கத்திரிச் செடியைப் பிடுங்காம விட்டுட்டுப் பக்கத்துல புதுசு நட்டா எந்த வைத்தியமும் பலிக்காது. எங்க பக்கம் பாதிப் பேருக்கு இது புரியல.

வெனாச்சிவாசி:
அண்ணே, நீங்க சொல்றது ஆணைப் பிடிக்கிறது. இது ஆணைக் குழப்புறது, ரெண்டும் வேற. பெண் விடுற வாசனை இன்னதுன்னு 1971லயே கண்டுபிடிச்சாங்க, அதையே செயற்கையா செஞ்சு தோட்டம் பூரா பரப்புறோம். ஆணால பெண்ணைத் தேடிப் போக முடியாது, முட்டை பொரியாது. ஆனா வெளியிலேயே ஜோடி சேர்ந்துட்டுப் பறந்து வர்ற பெண்ணை இது ஒண்ணும் பண்ணாது. ஓரத்துல காத்து வாசனையையும் அடிச்சுட்டுப் போயிடும். யாகிமாக்காரர் ஓர வரிசைக்கு அதான் காரணம்னு நினைக்கிறேன். சின்னத் தோட்டத்துல இது சரியா எடுபடாததும் அதனாலதான். 90கள்ல இங்க பக்கத்துப் பக்கத்துத் தோட்டக்காரங்க சேர்ந்து மொத்தப் பகுதிக்கும் கட்டினப்பதான் நல்லா எடுபட்டுச்சு.

பட்டாளத்தான்:
லடாக்ல இருந்தப்போ இதே புழு. வீட்டுக்கார அம்மா கேட்காமலே ஆப்பிள்ல புழு இருக்குற பாதியை வெட்டி ஆட்டுக்குப் போட்டுட்டு மீதியை நீட்டுவாங்க. காஷ்மீருக்குப் பரவிடும்னு அந்த ஆப்பிளை வெளிய விடமாட்டாங்க அப்போ.

யாகிமாக்காரன்:
@வெனாச்சிவாசி, லூர் சாதாதான், இன்னைக்குக் கேட்டேன். ஓரத்துல வேலிக்கு அந்தப்பக்கம் பழம் போடுற பழைய மரப்பெட்டி அடுக்கியிருக்கு, பக்கத்துத் தோட்டத்துக்காரரோடது. புழு அந்தப் பலகை இடுக்குல கூடு கட்டிக் குளிரைத் தாண்டும்ல? ஒண்ணைப் பிரிச்சுப் பார்க்கலாம்னா அவர் ஒத்துக்கல. வேற யாராவது பக்கத்துக்காரரை வழிக்குக் கொண்டு வந்திருக்கீங்களா?